பெயிண்டைப் பார்த்து ஆர்எக்ஸ் 100 வாங்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

நான் சின்ன வயதில் இருந்தபோது அப்பா யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தார், பிறகு விற்றுவிட்டார். இப்போது வேலைக்குப் போகிறேன், அதே வண்டி வாங்க ஆசை. கோயம்புத்தூரில் ஒருவர் 1991 மாடலைப் புதுசு மாதிரி ரெஸ்டோர் பண்ணி வைத்திருக்கிறார், 1,45,000 சொல்கிறார். ஆர்.சி. முதல் ஓனர் பெயரிலேயே இருக்கிறது. அவர் இறந்துவிட்டாராம். ஆனால் அவர் அப்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஃபாரம் இருக்கிறது, பிரச்சினை வராது என்கிறார். வாங்கலாமா?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

இப்போது இருக்கிற நிலையில் வாங்காதீர்கள். வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி.

இறந்தவர் கையெழுத்துப் போட்ட ஃபாரம் 29, 30 (வண்டியை வேறு பெயருக்கு மாற்றும் படிவங்கள்) செல்லாது. அவருடைய வாரிசு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வைத்து ஃபாரம் 31 கொடுத்து முதலில் தன் பெயருக்கு மாற்ற வேண்டும், அதன் பிறகு அவர்தான் உங்களுக்கு விற்க முடியும். விற்கிறவரையே அந்த வேலையை முடித்துத் தரச் சொல்லுங்கள். தயங்கினார் என்றால் அந்தக் குடும்பத்துக்கு வண்டி இவரிடம் இருப்பதே தெரியாமல் இருக்கலாம். இன்னொன்று, ஆர்.சி. 15 வருடத்துக்குத்தான். 91 வண்டி என்றால் 2006-லேயே முடிந்திருக்கும், அதன் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்து, பசுமை வரி கட்டி வந்திருக்க வேண்டும். நடுவில் விட்டிருந்தால் அந்தச் செலவும் அலைச்சலும் உங்கள் தலையில்தான் விழும்.

என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஆர்எக்ஸ் 100 என்று சொல்லி ஆர்எக்ஸ் 135 மாடலின் என்ஜினைப் பூட்டிய வண்டிகள் நிறைய ஓடுகின்றன. நம்பர் இருக்கும் இடத்தில் மட்டும் பெயிண்ட் தடிமனாக இருந்தாலோ, ராவிய தடம் தெரிந்தாலோ மேற்கொண்டு பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

இந்த வண்டி 1985-ல் எஸ்கார்ட்ஸ் என்ற இந்தியக் கம்பெனி வழியாக வந்தது, 1996-ல் தயாரிப்பு நின்றுபோனது. அதனால் இப்போது ரெஸ்டோர் என்று சொல்லி விற்கிற வண்டிகளில் பெயிண்ட், குரோம், ஸ்டிக்கர், சீட் எல்லாம் புதிது, பெரும்பாலும் வெளியில் செய்த சாமான். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் பணம் போகிறது, ஏனென்றால் விலையைக் கூட்டுவது அதுதான். சிலிண்டருக்கு உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. இதன் பிஸ்டன் 50 மில்லிமீட்டர். தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவதை போர் பண்ணுவது என்பார்கள். ஒவ்வொரு முறை போர் பண்ணும்போதும் 0.25 மில்லிமீட்டர் கூடும், மொத்தம் ஒரு மில்லிமீட்டர் வரை போனதும் முடிந்தது, அப்புறம் சிலிண்டருக்குள் புது லைனர் (உள்குழாய்) போட வேண்டியதுதான். ஆகவே "எத்தனையாவது போர்?" என்று நேராகக் கேளுங்கள், பில்லும் வேலை நடந்தபோது எடுத்த போட்டோவும் கேளுங்கள். மனசாட்சியோடு வேலை பார்த்தவர் அதைக் காட்டத்தான் ஆசைப்படுவார்.

நீங்கள் போகும்போது என்ஜின் ஆறிக் கிடக்க வேண்டும். முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். இது பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரிக்கிற டூ ஸ்ட்ரோக் என்ஜின், ஆரம்பத்தில் புகை வருவது சகஜம்தான், ஆனால் சூடான பிறகும் வெள்ளையாகக் கக்கிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போய் கியர் ஆயிலை இழுக்கிறது என்று சந்தேகப்படுங்கள். மேக்னெட் பக்கத்து சீல் போனால் புகையே வராது, காற்றை இழுக்கும், வண்டி நின்றபடி ஓடும்போது என்ஜின் வேகம் தானாக ஏறும். அது இன்னும் மோசம், ஓடும்போதே பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும். என்ஜினுக்கு ஆயிலைத் தானாகக் கொடுக்கும் ஆயில் பம்ப் வேலை செய்கிறதா, இல்லை கழற்றிவிட்டுப் பெட்ரோலில் டூ ஸ்ட்ரோக் (2டி) ஆயில் கலந்து ஓட்டுகிறார்களா என்பதையும் பாருங்கள். கலந்து ஓட்டுவது தப்பில்லை, ஆனால் அது தெரியாமல் நீங்கள் வெறும் பெட்ரோல் போட்டால் என்ஜின் போச்சு.

என்னைக் கேட்டால் இந்த 1,45,000-க்கு வேறு வழி இருக்கிறது. பெயர், நம்பர், புதுப்பித்தல் எல்லாம் சரியாக இருக்கிற, பெயிண்ட் மங்கிய, ஸ்டிக்கர் உரிந்த, ஆனால் தினமும் ஓடுகிற வண்டியைத் தேடுங்கள். ஒரே வீட்டில் இருந்த வண்டியாக இருந்தால் ரொம்ப நல்லது. அதை வாங்கி, ஈரோட்டிலேயே பழைய யமஹா மெக்கானிக் ஒருவரைப் பிடித்து, அவர் என்ஜினைப் பிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெயிண்டுக்கு அவசரமே இல்லை. கம்பெனியில் அடித்த பெயிண்டை ஒருமுறை சுரண்டிவிட்டால் திரும்பக் கிடைக்காது, எனக்கு அந்த மங்கின நிறம்தான் அழகு.

எந்த வண்டி வாங்கினாலும் முதல் செலவு இரண்டு டயரும் பிரேக் ஷூவும். சுமார் 100 கிலோ எடைக்கு 11 குதிரைசக்தி, சட்டென்று பாயும். நிறுத்துவதற்கு இருப்பது பழைய டிரம் பிரேக். புதுசு டிஸ்க் பிரேக் வண்டி ஓட்டிய பழக்கத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நெருங்கிப் போகாதீர்கள்.