கஞ்சியைத் தாண்டாத கணவர்: எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் என்ன கொடுப்பது?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் கணவருக்கு வயது 47. மூன்று மாதத்துக்கு முன் இங்கேயே ஒரு மருத்துவமனையில் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 118 கிலோ இருந்தவர் 103க்கு வந்தார். மூன்று வாரமாக எடை அசையவில்லை. இன்னும் கஞ்சி, ரசம், மைலோ இவற்றில்தான் பொழுது ஓடுகிறது. தோசை, கோழி என்று எதைக் கொடுத்தாலும் நெஞ்சில் நிற்கிறது என்கிறார். வாரத்தில் நான்கைந்து நாள் வாந்தி. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. ஃபேஸ்புக்கில் பழக்கமான ஒரு பெண், இந்த அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கென்றே 'ரெக்கவரி பேக்' இருக்கிறது, 12 வாரத்துக்கு 680 வெள்ளி என்கிறார். 200 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா? கணவர் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருக்கிறார். விரதம் இருக்கலாமா?"

சகோதரி, நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் அவசரமான விஷயம் வாந்திதான். அதை நீங்கள் நடுவில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

மூன்றாவது மாதத்தில் எப்போதாவது ஒருநாள், அவசரமாக விழுங்கியதால் வாந்தி வந்தால் அது பாடம் படிப்பது. வாரத்தில் நான்கைந்து நாள் வந்தால் அது நோய். ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, குழாய் போல ஒரு பகுதியைத்தான் விட்டுவைக்கிறார்கள். அந்தக் குழாய் ஓரிடத்தில் சுருங்கியிருக்கலாம், முறுகியிருக்கலாம். உள்நோக்கிக் கருவி விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரும்பாலும் பலூன் வைத்தே விரித்துவிடுவார்கள். நீங்கள் வீட்டில் அரிசியை இன்னும் குழைய வேகவைப்பதால் அது சரியாகாது.

இன்னொரு காரணமும் உண்டு. தயமின் எனப்படும் வைட்டமின் பி1 நம் உடலில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு நிற்கும். வாந்தியும் கஞ்சியும் சேர்ந்தால் அது காலியாகிவிடும். நடையில் தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிவது, கால் மரத்துப்போவது, பேச்சில் குழப்பம் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். போனதும் "எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை ஆனவர், பல வாரமாக வாந்தி, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் கொடுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முந்திக்கொண்டு சொல்கிறீர்களே என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். 24 மணி நேரம் தண்ணீர்கூடத் தங்கவில்லை, காய்ச்சல், இடைவிடாத வயிற்றுவலி, படபடப்பு என்றாலும் அதே வழிதான்.

இவை எதுவும் இல்லையென்றாலும் நாளைக் காலை மருத்துவமனையை அழையுங்கள். "அடுத்த சந்திப்பு ஆறு வாரம் கழித்துத்தானே" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பொது எண்ணில் எடுப்பவர் "இடம் இல்லை, செயலியில் பாருங்கள்" என்பார். அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். எடைக்குறைப்புப் பிரிவின் தாதியிடம் இணைக்கச் சொல்லி, "மூன்று மாதம் ஆகிறது, வாரம் நான்கு நாள் வாந்தி, கெட்டியான உணவு இறங்கவில்லை" என்ற மூன்று விவரத்தை மட்டும் சொல்லுங்கள். அந்த மூன்றையும் கேட்டுவிட்டு எந்தத் தாதியும் ஆறு வாரம் காத்திருக்கச் சொல்ல மாட்டார். மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையும் இப்போதுதான் வர வேண்டும். அது முடிந்ததா என்றும் கேட்டுவிடுங்கள். இத்தனை பெரிய சிகிச்சையைச் செய்துவிட்டு, வீடு திரும்பும்போது ஓட்ஸ், மசித்த உருளைக்கிழங்கு, காட்டேஜ் சீஸ் என்று ஆங்கிலத்தில் அச்சடித்த இரண்டு தாளைக் கையில் திணித்து அனுப்பும் பழக்கம் என்றைக்குத்தான் ஒழியுமோ! காட்டேஜ் சீஸை வாழ்நாளில் கண்டிராத வீட்டுக்குப் போகிறது அந்தத் தாள். பிறகு அந்த வீட்டில் கஞ்சி வைக்காமல் வேறென்ன செய்வார்கள்?

அந்தக் கஞ்சிக்கு வருவோம். காய்ச்சல்காரருக்குக் கஞ்சி கொடுத்தே பழகிய கை நம்முடையது. ஆனால் உங்கள் கணவருக்கு வேண்டியது ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம். ஒரு சின்னக் கிண்ணக் கஞ்சியில் ஒன்றிரண்டு கிராம் தேறினால் அதிகம். ரசத்தில் அதுவும் இல்லை. நாளெல்லாம் குடித்தாலும் பத்து கிராமைத் தாண்ட மாட்டார். அப்போது உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்னும். சோர்வும் அங்கிருந்துதான் வரும். வெள்ளை அரிசியில் பி1-ம் மிகக் குறைவு. நூறு ஆண்டுக்கு முன் இதே மலாயாவில், தீட்டிய வெள்ளை அரிசி தின்ற சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் கண்டு மடிந்தார்கள். புழுங்கலரிசி தின்ற தமிழர்களை அது அவ்வளவாக அண்டவில்லை. அதைப் பார்த்துத்தான் இங்கிருந்த மருத்துவர்கள் அரிசியைச் சந்தேகிக்கத் தொடங்கினார்கள்.

கஞ்சியும் ரசமும் முதல் சில வாரங்களுக்கான பேச்சு. முதலில் நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு மிருதுவானது என்று போய், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் சாதாரணச் சாப்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும். உங்கள் கணவர் ஏறாமல் நிற்கும் படி எதுவென்று பாருங்கள். அவர் சோதித்துப் பார்த்த தோசையும் கோழியும் இந்தச் சிகிச்சைக்குப் பின் மிகவும் சண்டித்தனம் செய்யும் உணவுகள். தோசை, புரோட்டா, ரொட்டி, இடியாப்பம் எல்லாம் எச்சிலோடு சேர்ந்து பசையாகி உருண்டு நிற்கும். கோழி நெஞ்சுக்கறி, அதுவும் நேற்று வைத்துச் சுடவைத்தது, நார்நாராகப் போய் மாட்டிக்கொள்ளும். கெட்டியான உணவே ஆகாது என்று அவர் முடிவுகட்டியது இந்த இரண்டை வைத்துத்தான்.

மருத்துவர் பார்த்து அடைப்பு இல்லை என்று சொன்ன பிறகு, ஈரமான மீனில் தொடங்குங்கள். தேக்கா சந்தையில் குராவ் மீன் துண்டு வாங்கி, முள் எடுத்து, தேங்காய்ப்பால் போடாத மெல்லிய குழம்பிலோ இஞ்சி போட்ட சூப்பிலோ வேகவிடுங்கள். விரலால் தொட்டால் இதழ் இதழாகப் பிரிய வேண்டும். தேநீர்க் கோப்பையின் சாசர், பிள்ளைகளுக்கு ஊட்டும் சின்னக் கரண்டி, இந்த இரண்டும் போதும். நான்கு கரண்டி மீன், ஒரு கரண்டி பூசணியோ சுரைக்காயோ. ஒரு கரண்டியை வாயில் போட்டு, கூழாகும்வரை மென்று, விழுங்கி, கரண்டியைக் கீழே வைத்து ஒரு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். மொத்தம் இருபது முப்பது நிமிடம். திடீரென்று விக்கல் வந்தாலோ, மூக்கில் நீர் வடிந்தாலோ, தும்மினாலோ அது வயிறு நிரம்பியதற்கான அடையாளம். இன்னும் ஒரே ஒரு வாய் என்று நீங்கள் ஊட்டும் அந்தக் கடைசிக் கரண்டிதான் பாதி வாந்திக்குக் காரணம். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், முடித்து அரை மணி நேரத்துக்கும் வேண்டாம். மற்ற நேரமெல்லாம் வாய்வாயாகக் குடித்து ஒன்றரை லிட்டரை எட்ட வேண்டும்.

60 கிராம் என்றதும் பயப்பட வேண்டாம். இரண்டு முட்டையில் 12. உள்ளங்கை அளவு மீனை இரண்டு வேளையாகப் பிரித்தால் 25க்கு மேல். ஒரு குவளைப் பால் 7. தண்ணீராக விடாமல் கெட்டியாகக் கடைந்த பருப்பு அரைக் கிண்ணம் ஆறேழு. அரைத் துண்டு தௌக்வா (கெட்டி டோஃபு) இன்னொரு ஆறேழு. வெளியே சாப்பிட நேர்ந்தால் உணவங்காடி நிலையத்தில் மீன் சூப் கடை எங்கும் உண்டு: சோறு வேண்டாம், பால் ஊற்ற வேண்டாம் என்று சொல்லி மீனை மட்டும் சாப்பிட்டு வரலாம். மைலோவை இன்றோடு நிறுத்துங்கள். எடை நின்றுபோனதில் அதற்கும் பங்கு உண்டு. மென்று விழுங்க வேண்டியவை வெளியே வந்துவிடுகின்றன, இனிப்பு மட்டும் தடையில்லாமல் இறங்குகிறது. பொட்டலப் பானங்களில் சர்க்கரை அளவைக் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்து சி, டி என்று போட்டிருந்தால் வாங்க வேண்டாம். காப்பிக்கடையில் தே ஓ கொசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். மற்றபடி மூன்றாம் மாதவாக்கில் இரண்டு மூன்று வாரம் எடை நிற்பது பலருக்கும் நடப்பது. தினமும் எடை பார்ப்பதை விடச் சொல்லுங்கள்.

இப்போது அந்த 'பேக்'. இந்த வியாபாரத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. இதே ஆட்கள்தான் சென்னைக்கும் பாங்காக்குக்கும் 'பேக்கேஜ்' அறுவை சிகிச்சைக்கு ஆள் பிடித்து அனுப்பிக் கமிஷன் வாங்குகிறார்கள். திரும்பி வந்தவருக்கு வாந்தி என்றால் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். உங்கள் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று திறக்காமலேயே சொல்கிறேன். கொலாஜன் பொடி, ஒரு 'டீடாக்ஸ்' தேநீர், மென்று தின்னும் வைட்டமின் மிட்டாய். கொலாஜனில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் கிடையாது. முழுப் புரதமாகக் கணக்கில் சேராது. தேநீரில் பெரும்பாலும் நிலாவரை போன்ற பேதி மருந்து இருக்கும். வாந்தி எடுக்கும் ஆளுக்குப் பேதியும் கொடுத்தால் என்ன ஆகும்? மிட்டாய் வைட்டமின்களில் பெரும்பாலும் இரும்புச்சத்தே இருக்காது.

"சுகாதார அறிவியல் ஆணையம் அங்கீகரித்தது" என்று அந்தப் பெண் சொல்லியிருப்பாரே? சொல்லாவிட்டால் ஆச்சரியம். சிங்கப்பூரில் ஊட்டச்சத்துப் பொருள்களை விற்பதற்கு முன் ஆணையத்தின் அங்கீகாரம் வாங்கும் நடைமுறையே இல்லை. இல்லாத ஒன்றை வாங்கியதாகச் சொல்பவர் மற்றதில் மட்டும் உண்மை பேசுவாரா? இதய நோயாளிகளுக்கு ஆபத்து என்று 2010இல் இங்கே விற்பனையிலிருந்து எடுக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்தை, இணையத்தில் விற்கும் எடைக்குறைப்புப் பொருள்களில் கலந்திருப்பதாக இதே ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. பொடி தேவைப்பட்டால் கார்டியனிலோ முஸ்தஃபாவிலோ சாதாரண வே (whey) புரதம் வாங்குங்கள். ஒரு கரண்டியில் 20 கிராமுக்கு மேல் புரதம், சர்க்கரை மிகக் குறைவு, அவ்வளவுதான் பார்க்க வேண்டியது. மாத்திரைகளை மருத்துவமனைப் பட்டியல்படி வாங்குங்கள். சுண்ணாம்புச்சத்து 'சிட்ரேட்' வகையாக இருக்கட்டும், இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இவை வாழ்நாள் முழுக்க. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் பக்கம் போக வேண்டாம், பாரசிட்டமால் போதும்.

விரதத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் 'விரதம்' என்று நம்மவர்கள் சொல்வதில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, மரக்கறி மட்டும் உண்பது. இதற்குத் தடையில்லை, மீனும் முட்டையும் போன இடத்தைத் தௌக்வா, தெம்பே, பனீர், கெட்டிப் பருப்பு, தயிர் நிரப்ப வேண்டும். வே புரதம் பாலிலிருந்து வருவது, அதுவும் ஆகும். (உங்கள் தோழியின் கொலாஜன் மாட்டுத் தோலிலோ மீன் தோலிலோ எடுப்பது. விரதத்தை முறிப்பது அதுதான்.) இரண்டாவது, ஒருவேளை உணவு. இது கூடாது. இந்த ஆண்டு மட்டும் என்றில்லை, அடுத்த ஆண்டும் கூடாது. நூறு, நூற்றைம்பது மில்லி கொள்ளும் இரைப்பையில் ஒரு நாள் புரதத்தை ஒரே வேளையில் ஏற்ற வழியே இல்லை. பூசைக்கு முன் வாயில் எதுவும் வைக்காமல் இருப்பது அவருக்கு முக்கியம் என்றால், ரத்தப் பரிசோதனை சரியாக இருந்து, வாந்தி நின்று ஓர் ஆண்டு ஆன பிறகு, காலை ஓரிரு மணி நேரம் மட்டும் தள்ளிப்போடலாம். அதுவும் நீரிழிவு மாத்திரையோ ஊசியோ போடாதவராக இருந்தால். போடுபவர் என்றால் மருத்துவர் அளவை மாற்றாமல் அந்த ஓரிரு மணி நேரமும் வேண்டாம். மூன்றாவது, தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது. அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடை, வரிசையில் நின்று நகரும் நேரம் வேறு. இப்போதுள்ள நிலையில் அவர் நடக்கக் கூடாது. வாந்தி நின்று, தைப்பூசத்துக்கு முன் மருத்துவரும் சரி என்றால் நடக்கலாம், இடுப்பில் தண்ணீர்ப் புட்டியோடு. இல்லையென்றால் வேண்டுதலை அடுத்த ஆண்டுக்கு வைக்கட்டும், அல்லது வீட்டில் வேறொருவர் எடுக்கட்டும்.

முடி பற்றிக் கவலை வேண்டாம். உடல் அதிர்ச்சியில் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் உதிர்வது வழக்கம். புரதமும் இரும்பும் சரியானால் திரும்ப முளைக்கும். எண்ணெய், ஷாம்பு என்று செலவழிக்க வேண்டாம்.

200 வெள்ளியைத் திருப்பிக் கேளுங்கள். நேரில் பேசாமல் குறுஞ்செய்தியாகவே கேளுங்கள். அந்தப் பெண் அனுப்பிய விளம்பரம், விலை, பணம் கட்டிய சான்று எல்லாவற்றையும் அவர் அழிப்பதற்கு முன் படமெடுத்து வையுங்கள். தராவிட்டால் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போகலாம். அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது, அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. இதையெல்லாம் மருத்துவமனையை அழைத்த பிறகு செய்யுங்கள்.