மார்கழிப் பனியும் ஓடுபாதை விளக்கும்: வாசகர் கேள்வி-பதில்

பனிமூட்டத்தில் பைக்கில் ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது. விமானத்துக்கு மட்டும் விளக்கு எப்படி உதவுகிறது?
– பாபநாசம் வாசகர்

உங்கள் ஹெட்லைட் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டுச் சிதறி உங்கள் கண்ணுக்கே திரும்புகிறது. விமானி தன் முன்விளக்கைப் போட்டாலும் இதே கதிதான். அதனால் அடர்பனியில் அதை அணைத்துவிடுவதும் உண்டு. தரையில் இருக்கும் விளக்கின் ஒளி பனியை ஒரே தடவை கடந்தால் போதும். அதுவும் நாலாபக்கமும் சிந்தாமல், விமானம் வரும் திசைக்கே குவிந்து வரவேண்டும். தரையை வெளிச்சமாக்குவது அதன் வேலையே அல்ல. விளக்கு வரிசையைப் பார்த்துத்தான், தான் எங்கே இருக்கிறோம், இறக்கை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று விமானி கண்டுகொள்கிறார்.

இரண்டாம் உலகப் போரில் தஞ்சாவூர் விமானத்தளத்தை பிரிட்டிஷ் வான்படை பயன்படுத்தியதாமே! அந்தக் காலத்தில் இரவில் எந்த விளக்கை வைத்து விமானங்களை இறக்கினார்கள்?
– வல்லம் வாசகர்

பயன்படுத்தியது உண்மை. அந்த வான்படையின் தளங்களில் அன்று பரவலாக இருந்தது 'கூஸ்நெக்' விளக்கு. பூவாளி மாதிரி நீண்ட மூக்குள்ள தகரப் பாத்திரம். உள்ளே மண்ணெண்ணெய், மூக்கில் கனத்த திரி. ஓடுபாதை ஓரமாக வரிசை வைத்து, ஆள் நடந்துபோய் ஒவ்வொன்றாகக் கொளுத்த வேண்டும். திரி கருகினால் புகையும். புல்வெளித் தளங்களில் காற்றின் திசை மாறினால் வரிசையையே தூக்கி மாற்றி வைக்க வேண்டியதுதான். சுடர் எல்லாப் பக்கமும் தெரியும் என்பதால் எதிரி விமானத்துக்கும் அதுவே வழிகாட்டி!

1940-இல் ஸ்காட்லாந்தின் ட்ரெம் தளத்தில், அதன் தலைமை அதிகாரி ரிச்சர்ட் ஆட்சர்லி, மூடி போட்ட மின்விளக்குகளை அமைத்தார். சரியான கோணத்தில் வருபவருக்கு மட்டுமே அவை தெரியும். தளத்தைச் சுற்றி ஒரு வட்டம், அதிலிருந்து ஓடுபாதைக்கு இழுத்துவரும் புனல் வடிவ வரிசை. இந்த முறை பிறகு மற்றத் தளங்களுக்கும் பரவியது.

பிரிட்டிஷார் பெட்ரோலை எரித்துப் பனியைக் கலைத்தார்களாம். நாம் குறுவை வைக்கோலைக் கொளுத்தினால் கலையாதா?
– மன்னார்குடி வாசகி

எரித்தார்கள். திட்டத்தின் பெயர் ஃபிடோ. 1943 நவம்பர் 19 அன்று இங்கிலாந்தின் கிரேவ்லி தளத்தில் நான்கு ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்கள் அதன் துணையோடு இறங்கின. பிரிட்டனில் 15 தளங்களில் அமைத்தார்கள். ஏறக்குறைய 2,500 விமானங்கள் அப்படி இறங்கின.

அங்கே எரிந்தது புகையில்லாத தீ. ஓடுபாதையின் இரு ஓரமும் குழாய்கள். பெட்ரோல் முதலில் சுடருக்கு மேலே போகும் குழாயில் ஓடிச் சூடேறி ஆவியாகும். பிறகு கீழ்க்குழாயின் துளைகள் வழியே வந்து எரியும். கொளுத்திய புதிதில் குழாய் சூடாகாததால் பெட்ரோல் திரவமாகவே கொட்டிக் கரும்புகை கக்கும். சூடேறியதும் சுடர் தெளியும்.

எரியும்போது நீராவியும் வருமே என்று கேட்பீர்கள். வரும், லிட்டருக்குச் சுமார் ஒரு கிலோ. ஆனால் அதே லிட்டரின் வெப்பம் ஏறக்குறைய 9,000 கன மீட்டர் காற்றை 3 டிகிரி சூடாக்கும். 10 டிகிரியில் இருந்த காற்று 13-க்கு ஏறினால், கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட 2 கிராம் நீராவியைக் கூடுதலாகத் தாங்கும். மொத்தத்தில் 17 கிலோவுக்கு இடம் கிடைக்கிறது, சேர்ந்தது ஒரு கிலோ. பனித்துளிகளில் இருக்கும் நீரோ கன மீட்டருக்கு அரை கிராமைத் தாண்டுவது அரிது. ஆகக் கணக்கு சரிதான், இடித்தது செலவு. மணிக்கு 4,50,000 லிட்டர் வரை குடித்தது. குறுக்குக் காற்று அடித்தால் சூட்டைத் தள்ளிவிட்டுப் புதுப்பனி உள்ளே வந்துவிடும். போர் முடிந்ததும் பெரும்பாலான தளங்களில் நிறுத்திவிட்டார்கள்.

வைக்கோல் விஷயம் நேர் எதிர். பனி ஈரத்தில் அது அரைகுறையாக எரியும். புகைத்துகள்களைப் பிடித்துக்கொண்டு நீர் இன்னும் பொடியான, இன்னும் ஏராளமான துளிகளாகும், பார்வைத்தூரம் குறையும். போகிப் புகையால் சென்னையில் விமானங்கள் தடுமாறுவது தெரிந்ததுதானே. வைக்கோல் மாட்டுக்கே இருக்கட்டும்.

ஓடுபாதை தொடங்குவதற்கு வெகுதூரம் முன்பே விளக்குக் கம்பங்கள் நடுகிறார்களே, எதற்கு?
– திருச்சி வாசகர்

இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தின் விஞ்ஞானி கால்வர்ட் உருவாக்கிய முறை இது. 900 மீட்டர் நீளத்துக்கு விளக்குகளால் ஒரு நடுக்கோடு. குறுக்கே 150 மீட்டருக்கு ஒன்றாக ஐந்து வரிசைகள். குறுக்கு வரிசைதான் உயிர்நாடி. நடுக்கோடு மட்டும் இருந்தால் இறக்கை சாய்ந்திருப்பது விமானிக்குப் புலப்படாது. குறுக்கு வரிசைகள் ஓடுபாதையை நெருங்க நெருங்கக் குறுகும். நடுக்கோட்டில் கடைசி 300 மீட்டரில் ஒற்றை விளக்கு, அதற்கு முந்தியதில் இரண்டிரண்டு, அதற்கும் முன்னால் மும்மூன்று. எண்ணினாலே தூரம் தெரிந்துவிடும்.

900 மீட்டர் ஏன்? 3 டிகிரிச் சரிவில் வரும் விமானம் 60 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது ஓடுபாதை விளிம்புக்கு இன்னும் 850 மீட்டர் போல இருக்கும். கருவிகளின் துணையோடு இறங்கும் சாதாரண முறையில், இறங்குவதா மேலே ஏறிவிடுவதா என்று விமானி முடிவெடுக்கும் உயரம் அது. விளக்கு ஒன்றும் தெரியாவிட்டால் ஏறிவிட வேண்டியதுதான்.

ஓடுபாதை ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாக நான்கு விளக்கு ஏன்?
– கும்பகோணம் வாசகி

விமானிக்கு இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரிந்தால் சரியான சரிவு. நான்கும் வெள்ளையென்றால் உயரம் அதிகம். நான்கும் சிவப்பென்றால் ஆபத்தான தாழ்வு. தெளிந்த வானிலையில்தான் இதற்கு முழுப்பயன். அடர்பனியில் இது கண்ணில் படுவதற்குள் முடிவெடுக்கும் உயரம் தாண்டியிருக்கும்.