கடைக்காரர் கேள்விகள்: கரண்ட், கேஸ், பில்

கே: பிளக்கில் மாட்டினால் கரண்ட் பில் பாதியாகும் என்று ஒரு பெட்டி ஆன்லைனில் விற்கிறார்கள். ஜெராக்ஸ் கடைக்கு வாங்கலாமா? (காரைக்குடி)

ப: வேண்டாம். என் மேஜை டிராயரில் ஒன்று கிடக்கிறது. உள்ளே ஒரு கெப்பாசிட்டர், ஒரு பச்சை லைட், அவ்வளவுதான். மீட்டரில் ஓடும் யூனிட்டை அது குறைக்காது.

கே: மெஸ்ஸுக்கு வாங்கும் 19 கிலோ சிலிண்டர் நாலு நாள் வந்தது, இப்போது மூன்று நாள்தான். கேட்டால், "தீயைக் குறைச்சு வைங்கம்மா" என்கிறார்கள். (கும்பகோணம்)

ப: தீயில் குறையில்லை அம்மா, எடையில்தான் இருக்கும். இதில் எனக்குப் பழைய கோபம் உண்டு. கத்தரிக்காய் வாங்கும்போது தராசு முள்ளையே பார்க்கிற நாம், இத்தனை விலை கொடுக்கும் சிலிண்டரை உருட்டி உள்ளே வைத்துவிடுகிறோம். சிலிண்டரின் மேல் பகுதியில் காலி எடை எழுதியிருக்கும். அது சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறும். அதோடு 19-ஐக் கூட்டுங்கள். வர வேண்டிய மொத்த எடை அதுதான். நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். "தராசு வண்டியில இல்லை" என்பார்கள், பக்கத்து அரிசிக் கடைத் தராசு எதற்கு இருக்கிறது? சீல் உடைந்திருந்தால் வாங்கவே வேண்டாம். எடை குறைந்தால் போட்டோ எடுத்து ஏஜென்சிக்கும் கேஸ் நிறுவனத்துக்கும் எழுதுங்கள். எடையளவுப் புகாரைக் கவனிப்பது தொழிலாளர் துறை. நுகர்வோர் உதவி எண் 1915. வியாபாரத்துக்கு வாங்கியதால் நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிழைப்புக்காக நீங்களே உழைத்து நடத்தும் மெஸ் என்றால், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்களும் நுகர்வோர்தான்.

கே: வீட்டு இணைப்பிலேயே பேக்கரி ஓவனும் ஃப்ரீசரும் ஓட்டினேன். ஈபி பறக்கும் படை பெரிய தொகை போட்டுவிட்டது. அநியாயம் இல்லையா? (திண்டுக்கல்)

ப: இல்லை. மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் இதற்கு இரட்டிப்புக் கட்டணம் என்றே இருக்கிறது. எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குப் போடுவார்கள். கணக்கில் தப்பு இருந்தால் கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். இறுதி உத்தரவுக்கு அப்புறம் அப்பீல் போக 30 நாள் உண்டு, ஆனால் பாதித் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

கே: கடை பூட்டியே கிடந்தது. பில் மட்டும் எப்படி வருகிறது? (விருதுநகர்)

ப: நிலைக்கட்டணம். ஒரு யூனிட்கூட ஓடாவிட்டாலும் வாங்கி வைத்த லோடுக்கு (இணைப்புக்கு அனுமதித்த மின் அளவு), கிலோவாட் கணக்கில் வரும். உங்களுக்கு முன் அங்கே மாவு மில் இருந்ததா? அதற்கு வாங்கிய பெரிய லோடு அப்படியே இருக்கலாம். லோடைக் குறைக்க விண்ணப்பியுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஈபி அட்டையைப் பார்த்திருக்க வேண்டும்.

கே: இன்று இரவு கரண்ட் கட் என்று மெசேஜ் வந்தது. அந்த நம்பர்காரர் சொன்ன ஆப்பைப் போட்டேன், கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. (புதுக்கோட்டை)

ப: இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். 1930-க்குக் கூப்பிடுங்கள், வங்கியிலும் சொல்லுங்கள், ஆப்பை நீக்குங்கள். கட்டிய பில்லைச் சரிபார்க்க, ஈபியின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.