அந்த 'வெறும்' எதற்கு?

கேள்வி: ஆதங்கம், அதிருப்தி இரண்டும் ஒன்றுதானே? உங்கள் இதழில் ஏதாவது ஒரு சொல்லை மட்டும் எழுதினால் என்ன? குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வெறும் ஆதங்கம்தான்.

பதில்: அந்த 'வெறும்' எதற்கு? குற்றச்சாட்டைவிட ஆதங்கம் இளைத்தது என்று யார் சொன்னது?

அதிருப்தி, திருப்திக்கு முன்னால் ஓர் 'அ' போட்டு வந்த சொல். தலைமை மீது, தீர்ப்பு மீது என்று அதற்கு எப்போதும் ஒரு முகவரி இருக்கும், கேட்டது கிடைத்தால் பெரும்பாலும் தீர்ந்தும்விடும். 1985-ல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்த பிறகும் 'அதிருப்தி எம்.எல்.ஏ.'க்களுக்குக் குறைவில்லை. 'ஆதங்க எம்.எல்.ஏ.' என்று யாராவது எழுதுவார்களா? வாயிலேயே வராது.

ஆதங்கம் வரும் இடத்தைப் பாருங்கள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கம்", "கடைசியாக முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்ற ஆதங்கம்". முன்னால் ஒரு முழு வாக்கியம், அதன் வாலில் ஓர் ஏகாரம். 'சொல்லியிருக்கலாம்' என்றால் அபிப்பிராயம், 'சொல்லியிருக்கலாமே' என்றால் வலி. அந்த ஏகாரம் நம்முடையவர்களிடம்தான் வரும். என் சித்திக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. போனார், மொய் எழுதினார், பந்தியில் நின்று பரிமாறக்கூடச் செய்தார். ஆனால் பல வருஷம் கழித்தும் அந்த வீட்டுப் பேச்சு வந்தால், "நேரில் வந்து கூப்பிட்டிருக்கலாமே" என்பார். புகார் சொல்ல அவருக்கு ஆளும் இல்லை, அவசியமும் இல்லை.

வடமொழியில் இந்தச் சொல்லுக்கு நோய், துன்பம், அச்சம் என்று பொருள். கன்னடத்தில் கவலை, பதற்றம். இந்தியிலோ 'ஆதங்க்வாதி' என்றால் பயங்கரவாதி! அப்படிப்பட்ட சொல்லைத் தமிழர்கள் வாங்கி, உரிமையும் பாசமும் ஏற்றி, சித்தியின் வாய்க்குப் பொருந்தும்படி ஆக்கிவிட்டார்கள். எனக்கு இதில் பெருமைதான்.

அதனால்தான் "குடிநீர் வரவில்லை: பொதுமக்கள் ஆதங்கம்" என்று தலைப்பு வைக்கும் நிருபர்களோடு எனக்குத் தீராத சண்டை. மூன்று நாளாகக் காலிக்குடத்தோடு நிற்பவருக்கு வருவது கோபம். அதை ஆதங்கம் என்று எழுதினால் தண்ணீர் விடாத அதிகாரிக்குத்தான் சௌகரியம். சரி, உங்கள் கோரிக்கைக்கு வருகிறேன்: இரண்டு சொல்லும் எங்கள் இதழில் இருக்கும். அடுத்த கடிதத்தில் நீங்கள் 'வெறும்' என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள்.