தப்பி வந்தவன் நல்லவனா?

கேள்வி: என் மகனும் அவனுடைய கூட்டாளியும் கிளிநொச்சியில் ஒரு கலியாண வீட்டில் குடித்துவிட்டு, இரவு ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் திரும்பினார்கள். மகன் முன்னால் வந்து வீட்டில் படுத்துவிட்டான். பின்னால் வந்தவன் முறிகண்டிக்குக் கிட்ட, சைக்கிளில் போன ஒரு ஐயாவை அடித்துவிட்டான். அவருக்குக் கால் முறிவு. ஊர்ச்சனம் அந்தப் பெடியனைத் திட்டுது, என் மகனை நல்ல பிள்ளை என்குது. எனக்கு மனம் கேட்கவில்லை. "சரி, பிழை எல்லாம் ஊர் சொல்லுறதுதான், விடு" என்கிறார் கணவர். அப்படியா?
ஒரு தாய், மாங்குளம்

பதில்: அன்புள்ள அக்கா, ஊர் சொல்வதுதான் சரி என்றால், ஊர் உங்கள் மகனைப் புகழும்போது உங்களுக்கு ஏன் உறுத்துகிறது? ஊரும் பிழையாகத் தீர்ப்புச் சொல்லும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. வழக்கங்கள் இடத்துக்கு இடம் மாறும்தான். ஆனால் வெறியில் வண்டி எடுத்து, வழியில் வருகிறவரின் உயிரோடு விளையாடுவது எந்த ஊரிலும் பிழை.

அந்த ஐயா கொஞ்சம் முந்தி வீதிக்கு ஏறியிருந்தால் இன்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது நீங்கள். இரண்டு பேரின் குற்றமும் ஒன்றுதான்.

விளைவை மட்டும் பார்த்தால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு எல்லாளன் கதை இருக்கிறது. தாய்ப்பசுவோடு வழியில் படுத்திருந்த கன்று, அவன் மகனின் தேர்ச்சில்லில் தெரியாமல் அகப்பட்டுச் செத்தது. அதே சில்லால் மகனின் தலையை எடுப்பித்தான் அரசன் என்கிறது மகாவம்சம். நீதிக்கு அடையாளமாக இதைச் சொல்லி வளர்ந்தோம். என்னால் இதை நீதி என்று ஏற்க முடியவில்லை. ஏ-9 வீதியில் இரவில் கட்டாக்காலி மாடுகளுக்கு நடுவே ஓடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

விளைவு நம் கையில் இல்லாதபோது குற்றத்தை எப்படி அளப்பது? 1976இல் பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவ அறிஞர்கள் இதைத்தான் வாதித்தார்கள். வில்லியம்ஸ் ஒரு லொறிச் சாரதியைக் காட்டினார். அவர்மேல் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் ஒரு பிள்ளை அடிபட்டால், வேடிக்கை பார்த்தவர்போல உச்சுக்கொட்டிவிட்டுப் போக அவரால் முடியாது. குற்றமே இல்லாதவருக்கே அப்படியென்றால், அந்தப் பெடியனுக்கு அந்த ஐயாவிடம் பெரிய கடன் இருக்கிறது.

நேகல் இன்னொன்றும் சொன்னார்: எந்தச் சோதனை யாருக்கு வருகிறது என்பதும் அவரவர் கையில் இல்லை. வன்னியில் இதை விளக்கத் தேவையில்லை. 2009இல் பங்கருக்குள் கிடந்தவர்கள் செய்ததையும் செய்யாததையும், அந்தப் பக்கமே இல்லாதவர்கள் அளந்து பேசும்போது நமக்கு எப்படி எரிகிறது! அந்த எரிச்சலை மறக்காமல் இந்தப் பெடியனைப் பாருங்கள்.

அப்புறம், மகன். சேர்ந்து குடித்து, சேர்ந்து புறப்பட்டவன்; பொறுப்பிலும் அவனுக்குப் பங்கு உண்டு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அந்தக் குடும்பத்துக்கு வருமானம் நின்றிருக்கும், செலவில் ஒரு பகுதியை அவன் உழைத்துக் கொடுக்கட்டும். புகழுகிறவர்களிடம் "நானும் வெறியோடதான் வந்தனான்" என்று அவன் வாயாலேயே சொல்லட்டும். கூட்டாளி வீட்டுக்கும் ஒருமுறை போங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு.