பழைய சிடிகளைக் கணினியில் ஏற்ற எம்பி3யா, ஃப்ளாக்கா?

இருநூறு சிடிகளை ஹார்டு டிஸ்க்கில் ஏற்ற எந்த வடிவம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்கவே வேண்டாம், ஃப்ளாக் (FLAC, தரம் குறையாமல் சுருக்கும் ஒலிக்கோப்பு வடிவம்).

சிடியில் இருப்பது நொடிக்கு 1,411 கிலோபிட். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. ஃப்ளாக் அதை ஜிப் கோப்பு மாதிரிச் சுருக்கும், ஒரு பிட்கூடத் தொலையாது. கோப்பின் அளவு பெரும்பாலும் சிடியில் இருப்பதில் பாதி அல்லது அதற்குச் சற்று மேல் வரும். இருநூறு சிடியும் 100 ஜிபிக்குள் அடங்கிவிடும்.

எம்பி3 அப்படியல்ல. காதுக்கு எட்டாது என்று கணக்கிட்ட ஒலிகளை வெட்டி எறிந்துவிடும். உண்மையைச் சொன்னால், 320 கிலோபிட்டில் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை. 128இல் தெரியும்: ஜால்ராவின் கணீர் ஓசை தண்ணீருக்குள் கேட்பதுபோல் சலசலக்கும். வெட்டியது வெட்டியதுதான். அதை அப்புறம் ஃப்ளாக்காக மாற்றினால் கோப்பு பருக்குமே தவிர ஒலி திரும்பாது (நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இந்த வெட்டிவேலை பார்த்திருக்கிறேன்).

ஃப்ளாக் கையில் இருந்தால், கார் பென் டிரைவுக்கு வேண்டும்போது எம்பி3 எடுத்துக்கொள்ளலாம். வேவ் (WAV, சுருக்காத ஒலிக்கோப்பு) வேண்டாம்; இடமும் அதிகம், பாடகர் பெயர், ஆல்பம் படம் எல்லாம் ஒழுங்காக ஒட்டாது.

ஆப்பிளின் மியூசிக் செயலியில்தான் கேட்பீர்கள் என்றால், அது ஃப்ளாக்கை ஏற்காது. அலாக்கில் (ALAC, ஃப்ளாக் போலவே எதையும் இழக்காத ஆப்பிளின் வடிவம்) ஏற்றுங்கள், தரம் அதேதான்.