மாரி மழை இறங்க முற்றம் வேண்டும்: இன்ரர்லொக் கல், செயற்கைப் புல் பற்றிய கேள்வி பதில்

வன்னியில் வீடு, பள்ளிக்கூடம், கோயில் என்று எங்கும் மண்ணையும் புல்லையும் மூடும் வேலை நடக்கிறது. அது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இவை.

கேள்வி (கிளிநொச்சி, திருநகர்): ஐயா, முன்முற்றம் 2000 சதுர அடி. மாரியில் சேறு, கோடையில் தூசி. முழுக்க இன்ரர்லொக் பதிக்கலாமா?

பதில்: முழுக்க வேண்டாம், தம்பி. கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர். உங்கள் முற்றம் 186 சதுர மீற்றர். மாரியில் ஒரே நாளில் 50 மில்லிமீற்றர் பெய்வது இங்கே புதினமில்லை. அன்றைக்கு மட்டும் 9300 லீற்றர், அதாவது ஆயிரம் லீற்றர்த் தாங்கி ஒன்பதுக்கு மேல். இடித்து இறுக்கிய அடித்தளத்தின் மேல் நெருக்கிப் பதித்த கல்லில் அது வழிந்து வீதிக்குத்தான் போகும். எங்களுக்குப் பெருமழை ஐப்பசியிலிருந்து தை வரைதான். அப்போது இறங்காத தண்ணீரை ஆவணியில் கிணற்றுக்குள் தேட முடியாது.

வாகனத்துக்குக் கல் தேவைப்படுவது சில்லு ஓடும் இடத்தில்தான். 2 அடி அகலத்தில் இரண்டு பட்டி, நடுவில் 3 அடி வெறும் மண். படலையிலிருந்து 40 அடி என்றால் 160 சதுர அடியுடன் வேலை முடியும். 10 அங்குலம் தோண்டி, 6 அங்குலத்துக்குப் பெருஞ்சல்லி பரவி இடியுங்கள். அதன் மேல் ஒன்றரை அங்குலம் 6 மில்லிமீற்றர்ச் சிறுசல்லி, அதன் மேல் 60 மில்லிமீற்றர்க் கல். கல்லுக்குக் கல் அரை அங்குலம் இடைவெளி விட்டு, அதையும் சிறுசல்லியால் நிரப்புங்கள். ஓரக்கல் கட்டாயம். இல்லாவிட்டால் சில்லின் பாரத்தில் கல் விலகி, பட்டி அகன்றுகொண்டே போகும்.

பிழை நடப்பது மூன்று இடத்தில். புல் முளைக்காதிருக்கட்டும் என்று மேசன்மார் கீழே பொலித்தீன் விரிப்பார்கள். தண்ணீர் இறங்கும் வழி அதோடு சரி. சல்லிக்குப் பதிலாகக் கல்தூள் போட்டால் நுண்தூள் படிந்து இடைவெளி அடைபடும். மூன்றாவது வாட்டம். வழமையாக வீதிப் பக்கம் வைப்பார்கள். நீங்கள் அத்திவாரத்துக்கு எதிர்ப்பக்கமாக, வாழையோ தென்னையோ நிற்கும் இடத்தை நோக்கி 8 அடிக்கு 1 அங்குலம் வையுங்கள்.

மிச்ச நிலத்துக்கு அறுகு. மூன்று அங்குலத்துக்கு மேல் வளரவிடாமல் வெட்டினால் சேறும் இல்லை, தூசியும் இல்லை, பாம்பு பதுங்கவும் இடமில்லை.

கேள்வி (புதுக்குடியிருப்பு): வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் பாடசாலை மைதானத்துக்குச் செயற்கைப் புல் போடப் பணம் தர முன்வருகிறார்கள். தண்ணீர் தேவையில்லை, பராமரிப்பு இல்லை என்கிறார்கள். சரியா?

பதில்: அவர்களின் மனதுக்கு நன்றி சொல்லுங்கள். பணத்தை வேறு வழிக்குத் திருப்பக் கேளுங்கள்.

அந்தப் புல் பொலிஎதிலீன் இழை. நிமிர்ந்து நிற்க, இடையில் மணலும் பழைய ரயரை அரைத்த கறுப்புத் துகளும் கொட்டுவார்கள். உயிர்ப்புல் வேரால் எடுத்த தண்ணீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்த்துக்கொள்ளும். ஒரு லீற்றர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 அலகு மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் போகிறது. பிளாஸ்ரிக்கில் அது நடக்காது. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக மைதானத்தில் 2002இல் அளந்தபோது மேற்பரப்பு 93 பாகை செல்சியஸ் வரை ஏறியது. தண்ணீர் தெளித்துக் குளிர்த்தினார்கள். குளிர்ந்த மேற்பரப்பு ஐந்தே நிமிடத்தில் மறுபடி 49 பாகைக்கு ஏறிவிட்டது. எங்கள் வைகாசி வெயிலில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் தேவையில்லை என்ற பேச்சும் அங்கேயே விழுந்துவிடுகிறது.

துகள் சப்பாத்தோடும் மழையோடும் வெளியேறும். ரயரில் துத்தநாகமும் உண்டு. இத்தகைய துகளை விளையாட்டு மைதானங்களுக்கு விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் தடைசெய்தது. 2031 ஒக்டோபரிலிருந்து அது நடைமுறைக்கு வருகிறது. விரிப்பின் ஆயுளும் 8 முதல் 10 ஆண்டுதான். பிறகு மணலும் ரயரும் பிளாஸ்ரிக்கும் கலந்த அந்தப் பாரச் சுருளை எங்கே கொட்டுவீர்கள்?

அதே பணத்தில் கிணறு, தாங்கி, குழாய், புல் வெட்டும் இயந்திரம் எல்லாம் அடங்கும். முதல் மழைக்குப் பிறகு நிலத்தை 6 அங்குலம் கொத்துங்கள். சிவந்த கபில மண் காய்ந்தால் கல்லு, நனைந்தால் பசை; இரண்டுக்கும் நடுவில் வரும் சில நாட்களைத் தவறவிடக்கூடாது. மக்கிய எரு கலந்து, கணுவுள்ள அறுகுத் துண்டுகளை 6 அங்குலத்துக்கு ஒன்றாக நடுங்கள். மாரி முடியுமட்டும் அதில் விளையாட்டு வேண்டாம்.

கோடையில் முழு மைதானத்தையும் பச்சையாக வைக்க ஆசைப்படாதீர்கள். 6000 சதுர மீற்றருக்கு நாளுக்கு 5 மில்லிமீற்றர் என்றாலே 30,000 லீற்றர் போகும். கோல் வாசலுக்கும் நடுவுக்கும் மட்டும் தண்ணீர் விடுங்கள். மற்ற இடம் பழுப்பாகட்டும். அறுகின் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு கிடந்து அடுத்த மழையில் துளிர்க்கும்.

கேள்வி (மாங்குளம்): வேம்பைச் சுற்றிக் கொங்கிறீற் போட்டு மூன்று வருடம். இப்போது உச்சிக் கொப்பு காய்கிறது.

பதில்: வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகவில்லை. உணவு எடுக்கும் மெல்லிய வேர்கள் மேல் ஒன்றரை அடி மண்ணுக்குள்தான் பரந்திருக்கும், கொப்பின் நிழலையும் தாண்டி. குறைந்தது 6 அடி ஆரைக்குக் கொங்கிறீற்றை அலவாங்கால் உடைத்து எடுங்கள். பெக்கோ இயந்திரத்தை விடவே வேண்டாம், ஒரு இழுவையில் வேர் அறுந்துவிடும். வந்த குழியைச் சருகும் எருவும் கொண்டு 3 அங்குலம் மூடுங்கள். அடிமரத்தோடு ஒட்டாமல் ஒரு சாண் விடுங்கள். பட்ட கொப்பை மட்டும் வெட்டுங்கள். பச்சைக் கொப்பில் கை வைத்தால் மரம் இன்னும் தளரும்.

கேள்வி (வவுனியா): வீதியோரத்தில் ஒரு பெரிய மரத்தை வெட்டினால் 70 கன்று நடுவோம் என்கிறார்கள். ஈடாகுமா?

பதில்: 30 அடி அகலக் குடை 700 சதுர அடி நிழல். 2 அடி அகலக் கன்று 3 சதுர அடி. எழுபதும் சேர்ந்து 220. அதுவும் எல்லாம் பிழைத்தால். கன்று நடட்டும், மரமும் நிற்கட்டும்.

கேள்வி (முள்ளியவளை): கோயில் வெளிவீதி மணலுக்கு மேல் கல் பதிக்கத் திட்டம். அடியார்கள் உருண்டு பிரதட்டை செய்யும் இடம்.

பதில்: மணலும் வெயிலில் சுடும், உண்மை. ஆனால் அதன் சூடு மேல்தோலோடு நிற்கும். ஒரு விரல் கிளறினால் கீழே குளிர்மை. கல் அடிவரைக்கும் சூட்டை வாங்கி வைத்து, பின்னேரப் பூசைக்கு வருபவரின் உள்ளங்காலுக்குக் கொடுக்கும். தேர்ச் சில்லு புதையும் பாதைக்கு மட்டும் கல் போடுங்கள். பிரதட்டை நடக்கும் இடம் மணலாகவே இருக்கட்டும். வீதியின் தெற்கிலும் மேற்கிலும் மருது நட்டால் பின்னேர வெயிலை அது மறிக்கும். சப்பறமும் தேரும் திரும்பும் மூலையை முதலில் அளந்து, கொப்பு முட்டாத தூரத்தில் குழி வெட்டுங்கள்.